எந்தக் கவுன்ட்டரில் எந்த அட்டை?

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னை விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். கையில் கனத்த ஃபைல் இருக்கும். அதில் பாஸ்போர்ட், விசா, பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், வங்கித் தாள்கள், காப்பீடு எல்லாம் அடுக்கியிருக்கும். இவற்றோடு சர்வதேச மாணவர் அட்டை ஒன்றும் வாங்கிவிடலாமா என்ற பேச்சு பல வீடுகளில் கடைசி வாரத்தில்தான் வருகிறது. "அது இருந்தால் போகிற இடமெல்லாம் பாதி விலை" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சில இடங்களில் அது உண்மை. பல இடங்களில் அந்த அட்டையை யாரும் கேட்பதே இல்லை.

'ஐஎஸ்ஐசி' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அட்டை ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால் அதன் பயனும் எல்லையும் புரியும். கும்பகோணத்துக் கல்லூரி ஒன்று தந்த அடையாள அட்டையைக் கெய்ரோவில் டிக்கெட் கொடுப்பவரிடம் நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயரில் கல்லூரி உண்டா, அது அங்கீகாரம் பெற்றதா, இந்தப் பிள்ளை இந்த ஆண்டும் அங்கே படிக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? நம் கல்லூரி அட்டைகள் பலவற்றில் '2023–2026' என்று சேர்ந்த ஆண்டும் முடிக்கும் ஆண்டும் மட்டும்தான் இருக்கும். எந்தத் தேதிவரை செல்லும் என்ற வரியே இருக்காது. கவுன்ட்டரில் இருப்பவரின் கண் முதலில் தேடுவதோ அந்த வரியைத்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய மாணவர் சங்கங்கள் கூடி, செலவு குறைந்த மாணவர் பயணங்களுக்கு வழி தேடத் தொடங்கின. எந்த நாட்டு மாணவராக இருந்தாலும் ஒரே வடிவத்தில் சான்று என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. 1968 முதல் யுனெஸ்கோவின் ஆதரவும் இந்த அட்டைக்கு உண்டு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிடைக்கிறது. பிளாஸ்டிக் அட்டையோடு கைபேசிச் செயலி வடிவமும் வந்துவிட்டது.

இதற்கு உடன்பிறப்புகள் இரண்டு உண்டு. ஆசிரியர்களுக்கு 'ஐடிஐசி', மாணவராக இல்லாத, 30 வயதைத் தாண்டாத இளைஞர்களுக்கு 'ஐஒய்டிசி'. மாணவர் அட்டை கேட்பவர் முழுநேரம் படிப்பவராகவும் 12 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ், புகைப்படம், பாஸ்போர்ட் அல்லது வேறு அரசு அடையாளச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

பெயர் விஷயத்தில் தமிழ் வீடுகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கல்லூரி அட்டையில் இன்ஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அந்த இன்ஷியல் விரிந்து, அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள்தான். வெளிநாட்டுக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை. சர்வதேச அட்டை எடுக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரைக் கொடுங்கள். இந்த அட்டை விசாவுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ மாற்று இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, எங்கே பலிக்கும்? எகிப்தின் தொல்லியல் இடங்களில் மாணவர் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் மற்றவர் கட்டணத்தில் பாதி. பிரமிடு, அருங்காட்சியகம், லக்சர் கோயில்கள் என்று ஒரே வாரத்தில் பத்து இடம் பார்ப்பவருக்கு இது பெரிய தொகை. வாத்திகன் அருங்காட்சியகங்களில் 25 வயதுவரை உள்ள மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம் இருக்கிறது. இப்படி 'மாணவரா?' என்று மட்டும் கேட்கும் இடங்களில் அட்டை போட்ட காசைத் திருப்பித் தந்துவிடும்.

ஆனால் ஐரோப்பாவின் பல இடங்களில் கேட்கப்படும் கேள்வி வேறு. வயது என்ன? எங்கே குடியிருக்கிறாய்? எந்த நாட்டுக் குடிமகன்? எங்கள் நாட்டில் படிக்கிறாயா? இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் சலுகையைப் பெறுவதில் முக்கால் பங்கு வேலை.

பாரிஸ் ஈஃபிள் கோபுரத்தில் 12 முதல் 24 வயதுவரை குறைந்த கட்டணம். படிக்கிறாரா, வேலை பார்க்கிறாரா என்பது பொருட்டில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியே போதும். அதே பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டவருக்கும் இலவசம். 26 வயது நிரம்பாதவர்களுக்கும் இலவசம்தான், ஆனால் அவர்கள் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். குடியுரிமை கேட்கப்படுவதில்லை. ஆகவே மியூனிக்கில் படிக்கும் 23 வயது மதுரைப் பெண் லூவ்ருக்குப் போகும்போது பையில் வைக்க வேண்டியது ஜெர்மனி தந்த குடியிருப்பு அனுமதி அட்டை. அதை அறையிலேயே விட்டுவிட்டுச் சர்வதேச மாணவர் அட்டையை மட்டும் எடுத்துப்போனால் முழுக் கட்டணம் கட்ட நேரிடும். எல்லை தாண்டி இத்தாலிக்குப் போனால் கணக்கு மறுபடி மாறுகிறது. அங்கே அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கான 2 யூரோ டிக்கெட் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது. அங்கே குடியிருப்பு அனுமதியை நம்பிப் போக வேண்டாம்.

ரயிலிலும் இதே கதைதான். பல நாடுகளை ஒரே பாஸில் சுற்ற ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு 'இன்டர்ரெயில்', வெளியிலிருந்து வருபவர்களுக்கு 'யூரெயில்'. இரண்டிலும் 27 வயதுவரை இளைஞர் விலை உண்டு. இதற்கும் வயதுதான் அளவுகோல். இன்டர்ரெயில் 1972இல் தொடங்கியபோது 21 வயதுவரை உள்ளவர்களுக்கு மட்டுமே என்றிருந்தது. முதுகில் பையோடு ரயிலேறி நாடு நாடாகச் சுற்றும் பழக்கம் ஐரோப்பிய இளைஞர்களிடம் பரவியதில் அந்தப் பாஸுக்குப் பெரிய பங்குண்டு.

ஜெர்மனியில் படிப்பவர்களுக்குக் கிடைப்பது இன்னும் பெரிது. நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் மாதாந்தர 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' 2025இல் 58 யூரோ. ஒப்பந்தம் செய்துகொண்ட பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு அதில் 60 விழுக்காடுதான், அதாவது 34.80 யூரோ. அந்தத் தொகையைப் பருவக் கட்டணத்தோடு பல்கலைக்கழகமே வாங்கிக்கொள்கிறது. பிரிட்டனில் '16–25 ரெயில்கார்டு' வாங்கினால் பெரும்பாலான ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயது தாண்டியவரும் அங்கே முழுநேரம் படித்தால் அதை வாங்கலாம். முப்பது வயதில் முதுகலை படிக்கப் போகும் நம்மவர்கள் பலர் பெயரைப் பார்த்தே தமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்காதீர்கள்.

ஜப்பான் வழி நமக்குப் பழகிய வழி. ஒரு திசையில் 100 கிலோமீட்டருக்கு மேல் போகும் மாணவருக்கு ஜேஆர் ரயில்களின் அடிப்படைக் கட்டணத்தில் 20 விழுக்காடு சலுகை. அதற்கு அவர் படிக்கும் பள்ளியோ கல்லூரியோ ஒவ்வொரு பயணத்துக்கும் சான்று தர வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ரயில்வே சலுகைப் படிவத்தோடு கவுன்ட்டரில் வரிசையில் நின்ற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு வீடு திரும்பவும் கல்விச் சுற்றுலாவுக்கும் இந்திய ரயில்வே தரும் அந்தச் சலுகை இன்றும் இருக்கிறது. இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பொதுப் பிரிவு மாணவருக்குப் பாதி, பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு முக்கால் பங்கு கட்டணம் குறையும். கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களின் ஆண்டுக்கொரு கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு. இணையத்தில் முன்பதிவு செய்தால் கிடைக்காது. படிவத்தோடு கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும். கேட்டு வாங்கத் தெரியாததாலேயே பல பள்ளிகள் இதை விட்டுவிடுகின்றன என்பது என் ஆற்றாமை.

போலி அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. பாங்காக்கின் காவ் சான் தெருவில் மாணவர் அட்டை, பத்திரிகையாளர் அட்டை எல்லாம் கேட்ட பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் கடைகள் பல காலமாகப் பேர்போனவை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அட்டை எண்ணை இணையத்தில் சரிபார்க்க இப்போது வழி இருக்கிறது. கல்லூரிப் பெயரே இல்லாத அட்டைகளையும் மங்கிய தாளொட்டிகளையும் பார்த்துப் பார்த்துத்தான் சில கவுன்ட்டர்கள் உண்மையான மாணவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப் பழகின.

இனி ஆசிரியர்கள். ஐடிஐசி அட்டை பாடம் நடத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத்தான். பள்ளி, கல்லூரியின் அலுவலகப் பணியாளர்களுக்குக் கிடையாது. சலுகைப் பட்டியல் மாணவர் அட்டையைவிடக் குறுகியது. நாடுகள் தனியாகத் தருபவையும் தம் ஊர் ஆசிரியர்களுக்கானவையாகவே இருக்கின்றன. பிரான்ஸின் 'பாஸ் எடுகாசியோன்' அங்கே பணிபுரியும் ஆசிரியர்களைத் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு இலவசமாக உள்ளே விடுகிறது. நம் ஆசிரியர் அங்கே போனால் அது பொருந்தாது. இந்திய ரயில்வேயில் ஆசிரியர்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டி நிறுத்தப்பட்ட பட்டியலில் சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்கள் ஆகியோரின் சலுகைகள் மட்டும் தொடர்ந்தன.

ஆசிரியர்களை இப்படி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. லக்சர் கோயிலை ஒரு மாணவர் பார்த்தால் அவர் ஒருவர் பார்த்ததாகும். ஒரு வரலாற்று ஆசிரியை பார்த்துவிட்டு வந்தால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக நாற்பது பிள்ளைகள் அவர் வாயால் அதைப் பார்ப்பார்கள். அவருக்கு அரை டிக்கெட் கொடுப்பதில் எந்த நாட்டுக்கும் நட்டம் வராது.

மலிவான மாணவர் பயணம் என்ற எண்ணத்துக்கே ஓர் ஆசிரியரிடமும் கடன் உண்டு. ஜெர்மனியின் அல்டேனா ஊர்ப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்டு ஷிர்மான் 1909 ஆகஸ்டில் தம் மாணவர்களைக் கால்நடையாகப் பல நாள் சுற்றுலா அழைத்துப் போனார். 26ஆம் தேதி இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, பிரேல் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, வைக்கோல் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அவர் தூங்கவில்லை. ஊர் ஊருக்கு, ஒரு நாள் நடந்தால் எட்டிவிடும் தொலைவில், விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூடங்கள் இப்படி மாணவர்களுக்கு இடம் கொடுத்தால் என்ன என்று அந்த இரவில் யோசித்தார். அதுதான் பின்னால் உலகெங்கும் பரவிய யூத் ஹாஸ்டல்களின் தொடக்கம். அல்டேனா கோட்டையில் அவர் அமைத்த முதல் நிரந்தர விடுதியின் அறைகளை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். மரக் கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.