9 கிலோ சக்கர நாற்காலி முதல் கைக்குப் பயிற்சி தரும் ரோபோ வரை... புதுக்கோட்டையில் இருப்பவருக்கு எது கைக்கு எட்டும்?

சக்கரம் ஒரு ஊரை எப்படி மாற்றும் என்பது புதுக்கோட்டைக்கு நல்லாவே தெரியும். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக என்று அண்ணனையோ கணவரையோ எதிர்பார்க்காமல் பெண்கள் கிளம்பினார்கள்.

அதே மாவட்டத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கும், போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்டவருக்கும் வாசலைத் தாண்ட இன்னமும் ஒரு ஆள் துணை வேணும். சென்னையிலும் வேலூரிலும் உருவாகும் புதுக் கருவிகளின் வீடியோக்கள் போனில் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எது நிஜமாகவே உதவும்? யாருக்கு?

நாற்காலியே வண்டி ஆகும் 'நியோபோல்ட்'

சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் மறுவாழ்வுக் கருவிகளுக்கென்றே ஒரு ஆய்வு மையம் இயங்குகிறது. அங்கிருந்து கிளம்பிய நியோமோஷன் என்ற ஸ்டார்ட்அப்தான் 'நியோஃபிளை' நாற்காலியையும் 'நியோபோல்ட்' இணைப்பையும் தயாரிக்கிறது.

நியோபோல்ட் என்பது மோட்டாரும் ஹேண்டில்பாரும் உள்ள ஒற்றைச் சக்கரம். நாற்காலியின் முன்னால் மாட்டினால் அது மூணு சக்கர வண்டி ஆகிவிடும். அதிகபட்சம் மணிக்கு 25 கி.மீ. வேகம். ஒருமுறை சார்ஜ் போட்டால் சுமார் 25 கி.மீ. ஓடும். ஆலங்குடியில் இருந்து புதுக்கோட்டை டவுனுக்கு வந்துவிடலாம். திரும்பிப் போக, டவுனில் எங்கேயாவது சார்ஜ் போட்டாகணும்.

இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டரைத்தான் அரசு ஏற்கெனவே தருகிறதே, இது எதுக்கு என்று கேட்கலாம். ஸ்கூட்டரில் ஏற, நாற்காலியை விட்டு இறங்கணும். ஸ்கூட்டர் போய்ச்சேர்ந்த இடத்தில் நாற்காலி இருக்காது. பேங்க் வாசல் வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே போக ஆள் தேட வேண்டியதுதான். நியோபோல்ட்டில் முன்சக்கரத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போகலாம். படி இல்லாத வாசலாக இருந்தால்! இந்த வண்டியை வைத்து சென்னை போன்ற நகரங்களில் உணவு டெலிவரி வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

விலை? அறிமுகமான சமயத்தில் நாற்காலி சுமார் 40,000 ரூபாய், இணைப்பு 55,000 ரூபாய்.

அளவு எடுத்துத் தைப்பது மாதிரி

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கும் மடக்கு நாற்காலி, நோயாளியை இன்னொருத்தர் தள்ளிக்கொண்டு போவதற்காகச் செய்தது. அதையே வீட்டுக்கு வாங்கிவந்து நாள் முழுக்க உட்கார்ந்தால், அகலம் பத்தாமல் இடுப்பு அழுந்தும், அதிகமாக இருந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். முதுகுத்தண்டு பாதிப்பில் உணர்ச்சி போனவருக்கு இந்த அழுத்தம் வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து. தெரியாமலே படுக்கைப்புண் வந்து, சீழ் பிடித்து, உயிருக்கே வினையாகிவிடும். நியோஃபிளையை ஆளின் உடம்பை 18 விதமாக அளந்து செய்வது இதனால்தான்.

எடையும் முக்கியம். 2025 ஜூலையில் ஐஐடி வெளியிட்ட 'ஒய்டி ஒன்' நாற்காலி சுமார் 9 கிலோதான். வழக்கமான இரும்பு நாற்காலியோ அதைப்போல இரண்டு மடங்கு கனம். தானே சக்கரத்தைத் தள்ளுபவரின் தோள்பட்டைக்கும், ஆட்டோவில் தூக்கி வைக்கும் அம்மாவின் முதுகுக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

ரோபோ என்றால் நடக்க வைக்குமா?

வீடியோக்களில் அதிகம் ஓடுவது இதுதான். பக்கவாதம் வந்த கையோ காலோ திரும்பப் பழக, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்யணும். பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு நோயாளியோடு அவ்வளவு நேரம் கிடைக்காது. ரோபோ அலுக்காமல் செய்யும். நோயாளி முயற்சி பண்ணுவது போக மீதியை மட்டும் அது தள்ளிக் கொடுக்கும்.

பாதாளச் சாக்கடை சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' ரோபோவைச் செய்த கேரளாவின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், நடைப் பயிற்சிக்காக 'ஜி கெய்ட்டர்' என்ற எந்திரத்தைச் செய்துள்ளது. திருவனந்தபுரம் அரசு பொது மருத்துவமனையில் அது பயன்பாட்டில் இருக்கிறது. பெரிய எந்திரம், ஆஸ்பத்திரியில்தான் வைக்க முடியும்.

புதுக்கோட்டைக்காரர் கவனிக்க வேண்டியது 'புளூட்டோ'வை. வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கியது. மேஜை மேல் வைக்கலாம். ஒரே ஒரு மோட்டார், கைப்பிடியை மாற்றி மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கை, விரல்களுக்குப் பயிற்சி எடுக்கலாம். திரையில் விளையாட்டு ஓடும். வேலூருக்குத் தினமும் போய்வர யாராலும் முடியாது. சின்ன கிளினிக்குக்கோ வீட்டுக்கோ வரக்கூடிய எந்திரம்தான் நம்ம பக்கம் எடுபடும்.

கால் தட்டாத செயற்கை முட்டி

சாதாரண செயற்கைக் காலின் முட்டி, கதவுக் கீல் மாதிரி ஒரே புள்ளியில் மடங்கும். ஐஐடி 2022ல் வெளியிட்ட 'கதம்' முட்டியில் நான்கு இணைப்புகள் இருக்கின்றன. நிற்கும்போது டக்கென்று மடங்கிவிடாது. கால் வீசும்போது நீளம் கொஞ்சம் குறைவதால் நுனி தரையில் தட்டாது. சரளைக் கல் பாதையில் நடப்பவருக்கு இது விழுவதா, விழாமல் இருப்பதா என்கிற விஷயம். 160 டிகிரி வரை மடங்குவதால் பஸ் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

சரி, காசு யார் தருவாங்க?

முதலில் மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டை, யுடிஐடி எண். இவை கையில் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பேட்டரி நாற்காலி, இணைப்புச் சக்கர ஸ்கூட்டர், செயற்கைக் கால் ஆகியவை மாநிலத் திட்டங்களில் உண்டு. மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில், கான்பூர் அலிம்கோ நிறுவனம் முகாம் போட்டு உபகரணங்கள் தருகிறது. உலக வங்கி நிதியோடு தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற சேவை மையங்களும் திறக்கப்பட்டு வருகின்றன.

ஒரு சிக்கல் என்னவென்றால், இப்படிக் கிடைப்பது பெரும்பாலும் பொது அளவில் செய்த உபகரணம்தான். மேலே சொன்ன புது மாடல்கள் பலவற்றைச் சொந்தக் காசிலோ, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலோதான் வாங்க வேண்டியிருக்கிறது. ரிப்பேர் இன்னொரு தலைவலி. ஸ்கூட்டருக்கு அறந்தாங்கியிலும் மெக்கானிக் கிடைப்பார். பேட்டரி நாற்காலியின் கன்ட்ரோலர் போனால் யாரிடம் காட்டுவது? வாரன்ட்டி எத்தனை வருஷம், மாற்று பேட்டரி என்ன விலை, ஆள் வீட்டுக்கு வருவாரா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முகாமுக்கோ கடைக்கோ கிளம்பும் முன் வீட்டு வாசல், பாத்ரூம் கதவு இரண்டின் அகலத்தையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலி வந்த பிறகு நுழையவில்லை என்று தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.