கணினிப் பொதிகளும் காரணகாரிய நெறியும்

ஒத்த காரணங்கள் ஒத்த காரியத்தையே பயக்கும் என்னும் நம்பிக்கையின் மீதே அறிவியல் எழுப்பப்பட்டுள்ளது. ஓர் ஆய்வுகூடத்திற் கண்ட முடிபு வேறோர் ஆய்வுகூடத்திலும், இன்று கண்டது பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், அதே நிபந்தனைகளின்கீழ்க் காணப்படல் வேண்டும். காணப்படாவிடின் அம்முடிபு ஒருவர் கண்ட காட்சியாக நிற்குமேயன்றி யாவர்க்கும் உரிய அறிவாகாது. ஆராய்ச்சியின் பெரும்பகுதி கணினியின் வாயிலாக நடைபெறும் இக்காலத்தில் இந்நெறி எதிர்பாராத ஓரிடத்தில் இடறுகின்றது. பிழையின்றிக் கணிப்பதற்கே படைக்கப்பட்ட கருவி, ஒரே தரவிற்கு ஈரிடங்களில் இருவேறு விடை தருதலும் உண்டு.

இதற்கு 2012 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு தக்க சான்றாகும். மூளையின் காந்தப் பரிவுப் படங்களிலிருந்து அதன் பகுதிகளின் கனவளவையும் புறணியின் தடிப்பையும் அளக்க 'ஃப்ரீசேர்ஃபர்' என்னும் மென்பொருள் உலகெங்கும் பயன்படுகின்றது. குரோனென்சில்ட் என்பாரும் அவருடன் சேர்ந்தோரும் ஒரே படத்தொகுதியை அம்மென்பொருளின் மூன்று பதிப்புகளைக் கொண்டு அளந்து ஒப்புநோக்கினர். புதிய பதிப்பிற்கும் முந்திய இரு பதிப்புகளுக்கும் இடையே கனவளவுகள் சராசரி 8.8 சதவீதம் வேறுபட்டன. மென்பொருளின் பதிப்பை மாற்றாது கணினியின் வகையை மாத்திரமோ, பணிசெயல் முறைமையின் பதிப்பை மாத்திரமோ மாற்றியபோதும் அவ்வேறுபாட்டில் ஏறக்குறைய அரைப்பங்கு தோன்றிற்று. படங்கள் மாறவில்லை; மூளைகளும் மாறவில்லை. நோயினால் மூளை சுருங்கியதா என்று வினவும் மருத்துவ ஆராய்ச்சியில், கருவியின் மாற்றம் நோயின் மாற்றம்போலத் தோன்றுமாயின் அதன் விளைவு சிறிதன்று.

இவ்வேறுபாடு எங்ஙனம் நேருகின்றது? ஒரு மென்பொருள் தனித்து இயங்கும் பொருளன்று. எண்கணிதம் செய்யும் நிரல் நூலகம் ஒன்று, கோப்புகளைப் படிக்கும் நூலகம் ஒன்று, அவற்றுக்கும் அடியில் வேறு சில என, ஒன்றையொன்று பற்றி நிற்கும் நூற்றுக்கணக்கான துணைப்பொதிகளின் மேல் அஃது இயங்குகின்றது. குடம் ஒன்று தோன்றுவதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனச் சைவசித்தாந்த நூலார் பிரித்துக் காட்டுவர். இப்பாகுபாட்டை ஈண்டுப் பொருத்தி நோக்கின், மனிதர் எழுதிய மூலநிரல் மண்ணை ஒக்கும். அதனை இயந்திர மொழியாக்கும் தொகுப்பானும் துணைப்பொதிகளும் தண்டசக்கரங்களை ஒக்கும். அவற்றை ஏவி ஆக்கத்தை நடத்துவோன் குயவனை ஒப்பான். ஆய்வுக் கட்டுரைகள் மண்ணின் பெயரையும் குயவனின் பெயரையும் குறிக்கின்றன, சக்கரத்தைப்பற்றி வாளாவிருக்கின்றன. இடர் விளைவது பெரும்பாலும் அச்சக்கரத்திலேயே.

வழக்கமான ஏற்பாடு இவ்விடரை மிகுவிக்கின்றது. லினக்ஸ் முதலிய முறைமைகளிற் பொதிகளை நிறுவியும் நீக்கியும் புதுப்பித்தும் வரும் மென்பொருளைப் பொதி முகாமையாளி என்பர். வழக்கிலுள்ள முகாமையாளிகள் எல்லாப் பொதிகளின் கோப்புகளையும் பொதுவான சில கோப்புறைகளில் இடுகின்றன. ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வரும்போது பழையது அழிந்து அதனிடத்திற் புதியது அமர்கின்றது. ஒரு செயலி புதிய பதிப்பையும் மற்றொன்று பழைய பதிப்பையும் வேண்டுமாயின் இரண்டும் ஒருங்கு வாழ்தல் அரிது. புதுப்பித்தல் இடைநடுவில் மின்தடையால் நின்றுவிட்டால் முறைமை பாதி பழையதாயும் பாதி புதியதாயும் கிடக்கும். ஐந்தாண்டு இவ்வாறு நிறுவியும் நீக்கியும் வந்த கணினியின் இன்றைய நிலை யாது என்பதை அதன் உரிமையாளரும் முற்றச் சொல்லவியலாது.

இச்சிக்கலை வேரிலிருந்து ஆராய்ந்தவர் ஒல்லாந்து நாட்டின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்கோ டொல்ஸ்ட்ரா ஆவார். அவர் 2003 இல் 'நிக்ஸ்' என்னும் பொதி முகாமையாளியைத் தொடங்கி, 2006 இல் அதன் கொள்கையைத் தம் கலாநிதிப் பட்ட ஆய்வேடாக வெளியிட்டார். அக்கொள்கையின் உட்கருத்து கணிதத்திலிருந்து பெறப்பட்டது. கணிதத்தில் சார்பு என்பது உள்ளீடுகளாலன்றி வேறொன்றாலும் தன் பெறுமானம் மாறாதது. ஐந்தின் வர்க்கம் காலையில் 25 எனின் மாலையிலும் 25 ஆகும். கணிப்போனின் அறையில் வேறு யாது கிடப்பினும் அவ்விடை மாறாது. 1930 களில் அலொன்சோ சேர்ச் வகுத்த லாம்டா நுண்கணிதத்தை அடியாகக் கொண்டு எழுந்த சார்புநிலை நிரலாக்க மொழிகள் இப்பண்பையே போற்றுகின்றன. மென்பொருளை ஆக்குதலையும் அத்தகைய சார்பாகக் கொண்டால் என்ன என்பதே டொல்ஸ்ட்ரா எழுப்பிய வினா. மூலநிரல், தொகுப்பான், துணைப்பொதிகள், ஆக்கும் கட்டளைகள் என்பன உள்ளீடுகள். ஆக்கப்பட்ட பொதி அதன் பெறுமானம்.

எண்ணத்தளவில் எளிதாகிய இதனை நடைமுறைக்குக் கொணரும் உபாயங்கள் மூன்று. முதலாவது பெயரிடும் முறை. நிக்ஸ் தன் பொதிகளையெல்லாம் தனிக் களஞ்சியம் ஒன்றில் வைக்கின்றது. அங்கு ஒவ்வொரு பொதியும் தன் பெயருக்கு முன்னால் 32 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தைத் தாங்குகின்றது. உள்ளீடுகள் அனைத்தையும் 'ஹாஷ்' என்னும் கணிதச் செய்கைக்கு உட்படுத்திப் பெறப்படுவது இவ்வடையாளம். எத்துணை நீண்ட எழுத்துத் தொடரையும் அளவில் நிலையான குறியாகச் சுருக்குவதும், தொடரில் ஓரெழுத்து மாறினும் முற்றும் வேறான குறியைத் தருவதும் அச்செய்கையின் இயல்பு. பத்து இலக்கங்களும் ஆங்கில எழுத்துகள் இருபத்திரண்டும் இவ்வடையாளத்தில் வரும். எஞ்சிய நான்கு எழுத்துகள், தற்செயலாகத் தகாத சொற்கள் அமைந்துவிடாதிருத்தற்பொருட்டு விலக்கப்பட்டன. அமையக்கூடிய அடையாளங்களின் தொகை, 1 என்னும் இலக்கத்தின் பின் 48 பூச்சியங்களை இட்டெழுதும் எண்ணினும் பெரிது. ஆதலின் இருவேறு பொதிகள் ஒரே அடையாளத்தைப் பெறுதல் நடைமுறையில் நிகழாது.

துணைப்பொதிகளின் அடையாளங்களும் உள்ளீடுகளுள் அடங்குதலின், அடிநூலகம் ஒன்றில் நேர்ந்த சிறு மாற்றமும் அதன் மேல் எழும்பிய எல்லாப் பொதிகளின் அடையாளங்களையும் மாற்றிவிடும். சுருங்கக்கூறின், ஒரு பொதியின் பெயரே அதன் காரணங்கள் அனைத்தினதும் சுருக்கமாகும். காரணம் வேறாயின் பெயர் வேறு. பெயர் வேறாயின் இடமும் வேறு. எனவே ஒன்று மற்றொன்றை அழிப்பதற்கு இடமில்லை. களஞ்சியத்தில் ஒருமுறை வைக்கப்பட்ட பொதி பின்னர்த் திருத்தப்படுவதும் இல்லை.

இரண்டாவது உபாயம் தனிமைப்படுத்தல். உள்ளீடுகளைப் பட்டியலிட்டால் மாத்திரம் போதாது. பட்டியலில் இல்லாதது ஆக்கத்தினுள் நுழையாமற் காத்தலும் வேண்டும். ஆதலின் நிக்ஸ் ஒவ்வோர் ஆக்கத்தையும் அடைத்த அறையொன்றினுள் நடத்துகின்றது. அவ்வறையினுள் அறிவிக்கப்பட்ட உள்ளீடுகளன்றிக் கணினியின் பிற கோப்புகள் தோன்றா. வலையமைப்புத் தொடர்பும் இராது. மூலநிரலை வெளியிலிருந்து பெறவேண்டுமிடத்து, பெறப்படும் கோப்பின் ஹாஷ் முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வந்தது அதனோடு பொருந்தாவிடின் ஆக்கம் நிறுத்தப்படும். இதனாற் குறிப்பிட மறந்த துணைப்பொதி எதுவும் மறைவாக நின்று உதவிவிட முடியாது. ஆக்கம் அங்கேயே தவறும். எழுதியோர் குறையை உணர்ந்து பட்டியலை நிறைவாக்குவர்.

மூன்றாவது உபாயம் தடம் அறிதல். ஆக்கத்திற்கு வேண்டியன எல்லாம் இயக்கத்திற்கும் வேண்டியன அல்ல; குடம் வனைந்தபின் சக்கரம் வேண்டாதது போன்று தொகுப்பானும் பின்னர் வேண்டாததாகும். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அறிய, ஆக்கப்பட்ட கோப்புகளினுள் உள்ளீடுகளின் அடையாளங்கள் எங்கேனும் உளவா என்று நிக்ஸ் தேடுகின்றது. அவ்வெழுத்துத் தொடர் தற்செயலாய்த் தோன்றாதாகையால், அது காணப்படுமாயின் அப்பொதி இன்னும் வேண்டப்படுகின்றது எனத் துணியலாம். இவ்வாறு பெற்ற அறிவைக்கொண்டு, எவராலும் வேண்டப்படாத பொதிகளை மாத்திரம் களஞ்சியத்திலிருந்து அச்சமின்றி அகற்றலாம்.

இவற்றின் பயனை நோக்குமிடத்து, ஒரே கணினியில் ஓர் ஆய்வுப்பணி 'பைத்தன்' மொழியின் பழைய பதிப்பையும் மற்றொன்று புதிய பதிப்பையும் தத்தம் எல்லைக்குள் கையாளலாம் என்பது தெளிவாகும். பணிக்கு வேண்டிய பொதிகளைச் சிறு கோப்பொன்றில் அறிவித்தல் போதும். அவை மாத்திரம் புலப்படும் பணிச்சூழல் ஒன்று உடனே அமையும். பணி முடிந்து வெளியேறியதும் பொதுமுறைமையில் அதன் சுவடு இராது. பொதிகளின் பதிப்புகளை நிலைநிறுத்தி அக்கோப்பை மாணவர் ஒருவர் தம் ஆசிரியருக்கு அனுப்பின், ஆசிரியரின் கணினியிலும் அதே சூழல் அமையும். புதுப்பித்தல் என்பது புதிய தலைமுறை ஒன்றை அருகே கட்டி முடித்தபின் சுட்டியொன்றை அதன்பால் திருப்புவதேயாகும். சுட்டி பழையதைக் காட்டும், அல்லது புதியதைக் காட்டும்; இடைநிலை என்பதில்லை. புதியது பழுதாயின் சுட்டியை மீளத் திருப்பியவுடன் பழைய தலைமுறை உள்ளவாறே கிடைக்கும்.

2013 இல் வெளிவந்த 'டொக்கர்' முதலிய கொள்கலக் கருவிகளும் தனிமைப்பட்ட சூழலைத் தருவனவே. எனினும் இரண்டிற்கும் நோக்கில் வேற்றுமை உண்டு. கொள்கலம் ஆக்கி முடிந்த காரியத்தை அடைத்துக் காக்கின்றது. அதனை ஆக்கும் கட்டளைகள் 'அன்றைய புதிய பொதிகளைக் கொணர்க' என்று கூறுமாயின் இன்று ஆக்கியதும் அடுத்த ஆண்டில் ஆக்குவதும் வேறுபடும். சமைத்த உணவைப் பேழையில் அடைத்து வைத்தல் ஒன்று. அளவும் பக்குவமும் வழுவாது எழுதிய குறிப்பை வைத்திருத்தல் மற்றொன்று.

இந்நெறியைப் பின்பற்றி 2012 இல் 'குயிக்ஸ்' என்னும் மற்றொரு முகாமையாளியும் தோன்றியது. அதனைத் தொடங்கிய பிரான்சு நாட்டினரான லுடொவிக் கூர்ட்டெஸ் ஒரு சோதனையில் ஈடுபட்டார். பத்தாண்டுகளுக்கு முற்பட்ட தம் ஆய்வுக் கட்டுரைகளின் நிரல்களை மீள இயக்கிப் பார்க்குமாறு 'றீசயன்ஸ்' என்னும் ஆய்விதழ் 2019 இல் அறிஞர்களை அழைத்தது. கூர்ட்டெஸ், கையடக்கக் கருவிகளின் தரவுகளைச் சேமித்துக் காத்தல் பற்றித் தாமும் பிறரும் 2006 இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொண்டார். அதற்கு வேண்டிய பழைய மென்பொருள்களைக் குயிக்ஸ் வாயிலாக ஆக்கி, மூலநிரலிலிருந்து அளவீடுகள் வரையும், அளவீடுகளிலிருந்து அச்சிடத்தக்க கட்டுரை வரையும் ஒரே தொடர்ச்சியாக அமைத்துக் காட்டினார்.

இனி இந்நெறியின் எல்லைகளையும் நோக்குதல் முறையாகும். உள்ளீடுகள் ஒன்றாயினும் வெளியீடு ஓரெழுத்தும் பிறழாது ஒத்திருக்கும் எனல் இயலாது. ஆக்கிய நேரத்தைத் தம்முட் பதிக்கும் நிரல்களும், ஒருங்கே நிகழும் செயல்களின் முன்பின்னால் மாறும் கோப்புகளும் உண்டு. களஞ்சியத்துக் கோப்புகளுக்கெல்லாம் 1970 சனவரி 1 ஆம் நாளின் முதல் வினாடியையே நேரமாக நிக்ஸ் இடுவது இதுபற்றியே. ஆயினும் அஃது எல்லாவற்றையும் தீர்க்காது. மூலநிரலே மறைந்துவிடுதலும் உண்டு. 2016 மார்ச்சு மாதத்தில் பதினொரு வரிகளேயுடைய சிறு பொதியொன்றை அதன் ஆசிரியர் பொதுக்களத்திலிருந்து நீக்கியபோது, அதனைச் சார்ந்திருந்த எண்ணிறந்த செயலிகளின் ஆக்கம் தடைப்பட்டது. ஹாஷ் ஒன்றை அறிந்திருத்தல் இழந்த பொருளை மீட்டுத் தராது. அதற்கு மூலநிரல்களைத் திரட்டிக் காக்கும் ஆவணக் காப்பகங்கள் வேண்டும். களஞ்சியம் பெருகி வட்டில் மிகுந்த இடத்தை அடைப்பதும், அடிநூலகம் ஒன்றின் குறையைத் திருத்தினால் மேலுள்ளன யாவும் மீள ஆக்கப்படவேண்டியிருப்பதும் இதற்குரிய விலையாகும்.

இவற்றினும் ஆழ்ந்த வினா ஒன்றுண்டு. தொகுப்பானும் ஒரு மென்பொருளே. அதனை ஆக்கியது மற்றொரு தொகுப்பான். அதற்கு முன்னர் வேறொன்று. இவ்வாறு முடிவின்றிச் செல்லுதலைத் தருக்க நூலார் அனவத்தை என்னும் குற்றமாகக் கூறுவர். முந்திய தொகுப்பானொன்றில் மறைந்த தீங்கு, மூலநிரலிற் சுவடேதுமின்றித் தலைமுறை தலைமுறையாய்த் தொடரலாம் என்று கென் தொம்சன் 1984 இல் வெளியான தம் ரியூறிங் பரிசுச் சொற்பொழிவிற் காட்டினார். இத்தொடரை ஓரிடத்தில் நிறுத்தும் முயற்சியிற் குயிக்ஸ் குழுவினர் 2023 இல் ஒரு படி முன்னேறினர். மனிதர் கண்ணால் வாசித்துச் சரிபார்க்கத்தக்க 357 பைட்டு அளவினதாகிய சிறு நிரலை வித்தாகக் கொண்டு, அதிலிருந்து படிப்படியாகத் தொகுப்பான்களையும் ஏனைப் பொதிகளையும் மூலநிரலிலிருந்தே ஆக்கும் வழியை அவர்கள் அமைத்தனர்.

இம்முறைமைகள் ஆய்வின் முடிபை மெய்யாக்கித் தருவன அல்ல. பிழையான நிரல் இவற்றின்கீழும் பிழையான விடையையே, வழுவாது ஒவ்வொருமுறையும் தரும். ஆயின் அங்ஙனம் மீளவரும் பிழையே ஆராயத்தக்க பிழை. ஒரு நாள் தோன்றி மறுநாள் மறையும் பிழையைத் திருத்துவார் இலர். மூளையின் அளவுகள் வேறுபட்டபோது, எச்சக்கரத்தில் எது வனையப்பட்டது என்பது எழுதப்பட்டிருந்தமையாலன்றோ வேறுபாட்டின் தோற்றுவாயை ஆய்வாளர் கண்டனர். கணினியைக் கொண்டு ஆராயும் மாணவர், கண்ட முடிபோடு அம்முடிபு பிறந்த காரணங்கள் அனைத்தையும் ஒருசேர எழுதிவைப்பாராயின், பின்வருவோர் அதனை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் வேண்டிய வழி திறந்திருக்கும்.