பல்லும் கடன் கொப்பியும்

கடைவாய்ப் பல்லில் ஒரு சிறு ஓட்டை. அடைத்துவிடுங்கள் என்று வைத்தியர் சொன்னது சென்ற வருடம், நோன்புக்கு முன்னர். நோன்பு முடியட்டும் என்றேன். பெருநாள் வியாபாரம் முடியட்டும் என்றேன். பிறகு ஸ்டொக் எடுக்கும் காலம் வந்தது. நம் வியாபாரிகளுக்குத் தவணை சொல்லக் கற்றுத்தரவா வேண்டும்?

பல்லின் மேலோடு ஒருமுறை கரைந்தால் மீண்டும் வளராது. சொத்தை உள்ளே இறங்கி, ஒரு வெள்ளி இரவு நரம்பைத் தொட்டது. கராம்பு வைத்துப் பார்த்தும் விடியும்வரை தூக்கமில்லை. சனிக்கிழமை கடையில் கூட்டமான நாள். மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

வைத்தியர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, கதிரையைச் சாய்க்கும் முன்னரே கணக்குச் சொன்னார். "ஹாஜியார், பிடுங்கினால் செலவு குறைவு. காப்பாற்றுவதென்றால் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே உறை போட வேண்டும். மூன்று தடவை வர வேண்டும்." அன்றே அடைத்திருந்தால் அரை மணித்தியால வேலை. இப்போது அதைப்போல் பத்து மடங்கு பணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவில்லை, ஆனால் காத்திருக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்!

பக்கத்துப் பல்லையும் பார்க்கச் சொன்னேன். "அது நல்ல பல், தொட வேண்டாம்" என்றார். இந்தப் பொருள் உங்களுக்குத் தேவையில்லை என்று ஒரு வாடிக்கையாளரிடம் நான் கடைசியாகச் சொன்னது எப்போது என யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.

விறைப்பூசி வலித்தது உண்மைதான். பகல் முழுக்க உதடு விறைத்துக் கிடந்தது. கடைக்குத் திரும்பி, கடன் கொப்பியைப் புரட்டினேன். எட்டு மாதமாக "அடுத்த கிழமை" சொல்லும் ஒருவருக்குப் போன் எடுத்தேன். வாய் கோணியதில் நான் பேசியது அவருக்கு விளங்கவேயில்லை. மறுநாள் மீண்டும் எடுத்தேன். அஸருக்குப் பிறகு பாதியைக் கொண்டுவந்து தந்தார்.