மண்ணுக்குள் 42 வருஷம்!

மனுஷன் செத்தால் புதைப்பார்கள். ஆசையாய் வளர்த்த நாய் செத்தால் தோட்டத்தில் குழி வெட்டுவார்கள். காரைப் புதைத்த கதை கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் பெண்டைன் கடற்கரையில் 1927-ல் நடந்தது அது. 42 வருஷம் கழித்து ஒருத்தர் வந்து அந்தக் காரைத் தோண்டி எடுத்து, மறுபடி ஓடவும் வைத்தார் என்பது அதைவிட ஆச்சரியம்!

காரின் பெயர் 'பாப்ஸ்'. பிறந்தபோது வைத்த பெயர் 'ஹையம் ஸ்பெஷல்'. லண்டன் அருகே புரூக்லண்ட்ஸ் என்று ஒரு பந்தயத் தளம். கார் ஓட்டுவதற்கென்றே கட்டி 1907-ல் திறந்த, உலகின் முதல் தளம். வளைவுகள் கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சரிந்திருக்கும். அங்கே ஓட்டத்தான் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற பணக்காரக் கவுன்ட் இந்தக் காரைக் கட்டினார். (குழந்தைகள் கதையான 'சிட்டி சிட்டி பேங் பேங்'குக்குப் பெயர் கொடுத்ததும் இவரிடமிருந்த வேறு கார்கள்தான்.)

விமான எஞ்சினைத் தூக்கிக் காரில் வைத்தால் என்ன என்று யோசிக்கிற ஆசாமி அவர். வைத்தே விட்டார்! முதல் உலகப் போர்க் காலத்து 'லிபர்ட்டி' எஞ்சின். 12 சிலிண்டர், 27 லிட்டர். இன்றைய சின்னக் கார் எஞ்சின் 1 லிட்டர் என்றால், 27 கார்களை ஒரே மூடிக்குள் அடைத்த மாதிரி. அந்த பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோனது எது தெரியுமா? செயின். சைக்கிளில் இருக்குமே, அதன் பெரியண்ணன்!

1924-ல் இத்தாலியின் மான்ஸா பந்தயத்தில், வேறொரு காரில், கவுன்ட் இறந்துபோனார். அனாதையான காரை 125 பவுண்டுக்கு வாங்கினார் பாரி தாமஸ். வேல்ஸ்காரர், கைதேர்ந்த இன்ஜினீயர். பிரித்துப் போட்டு, தன் பாணியில் மாற்றிக் கட்டி, 'பாப்ஸ்' என்று செல்லப் பெயரும் வைத்தார். 1926 ஏப்ரலில் பெண்டைன் மணலில் மணிக்கு 275 கிலோமீட்டர். உலக சாதனை! விநாடிக்கு 76 மீட்டர்... நீங்கள் ஒரு தடவை தும்மி முடிப்பதற்குள் தெருமுனை தாண்டியிருப்பார்.

1927 பிப்ரவரியில் அதே மணலில் மால்கம் கேம்பெல் 281-ஐத் தொட்டார். தாமஸ் சும்மா இருப்பாரா? மார்ச் 3-ம் தேதி மறுபடி வந்தார். ஓட்டத்தின் நடுவே கார் நிலைகுலைந்து புரண்டது. தாமஸ் அங்கேயே போய்விட்டார். வயது 41.

செயின் அறுந்து அவர் மேல் அடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். விசாரணை முடிந்ததும் காரை மணல்மேட்டில் குழிவெட்டிப் புதைத்தார்கள். எஜமானர் புரூக்லண்ட்ஸ் பக்கத்துக் கல்லறையில், வாகனம் கடற்கரையில்.

1969-ல் வந்தார் ஓவன் வின் ஓவன். தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர். முறைப்படி அனுமதி வாங்கித் தோண்டினார். 'உயிரைக் குடித்த வண்டியை எதுக்குய்யா எழுப்பணும்?' என்று நமக்கே கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று. புதைத்தது காரை மட்டுமல்ல, ஒரு இன்ஜினீயரின் மூளையையும்! அவர் யோசித்து யோசித்துச் செய்த வேலையெல்லாம் உப்பு மணலில் துருவாகிக்கொண்டிருந்தது.

வெளித்தகடுகளை உப்பு தின்றிருந்தது. உள்ளே பல பாகங்கள் தப்பியிருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, துரு நீக்கி, தேறியதை வைத்துக்கொண்டு, தேறாததைப் புதிதாகச் செய்து... சுமார் 15 வருஷம்! பிள்ளை பிறந்து பத்தாவது எழுதப் போகிற காலம். கோயில் திருப்பணி செய்கிற ஸ்தபதிக்கு இது புரியும். பழைய கல் எது, புதுக் கல் எது என்ற கணக்கு மனசில் இருக்க வேண்டும். பழசைத் தேவையில்லாமல் தொடவும் கூடாது.

கடைசியில் அந்த விமான எஞ்சின் மறுபடி உறுமியது. கூடவே பழைய வழக்கும் உயிர் பெற்றது. செயின் மேல் குற்றமில்லை, பின் சக்கரம்தான் முதலில் உடைந்திருக்க வேண்டும் என்று இன்று பலர் சொல்கிறார்கள். தீர்ப்பு எதுவானாலும் சரி. மண்ணுக்குள்ளேயே கிடந்திருந்தால், குற்றவாளிக் கூண்டில் நின்ற அந்த வண்டி தன் பக்கத்து சாட்சியைச் சொல்லியிருக்கவே முடியாது.

தாமஸ் உயிரை விட்ட அதே பெண்டைனில், அருங்காட்சியகத்தில் பாப்ஸைக் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். பழைய இரும்புதானே என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 15 வருஷம் ஒரு வாத்தியார் அதற்கு உயிர் ஊட்டியிருக்கிறார்!