விருந்துக்கும் ஓர் ஆயத்த நாள்

திருமுழுக்கு, முதல் நற்கருணை, பங்குத் திருவிழா, கிறிஸ்து பிறப்பு விழா என எத்தகைய மகிழ்ச்சியாயினும், நம் குடும்பங்களில் அது விருந்தாகவே நிறைவு பெறுகிறது. உற்றாரும் அயலாரும் ஓரிடத்தில் கூடி உண்பது நன்று. ஆயினும் இவ்விருந்துகளுக்குச் செல்லும்போதெல்லாம் நம் கண்ணில் படும் குறை ஒன்று உண்டு. கூடத்தில் சிரிப்பொலி கேட்கும்; அடுக்களையில் புகையும் வியர்வையுமாய் இருக்கும். கடைசிப் பந்தி எழுந்து, வந்தவர்கள் விடைபெறும் வேளையில்தான் இல்லத் தலைவியின் முகத்தையே நாம் காண்கிறோம். அவர் உண்ண அமரும்போது குழம்பு ஆறியிருக்கும். உடனிருந்து பேசவும் ஒருவர் இரார். விருந்தை ஆக்கியவரே விருந்துக்குப் புறம்பாய் நிற்பது முறையாகுமா?

திருக்குறளின் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். முகர்ந்தால் வாடுவது அனிச்ச மலர். நம் முகம் சற்று மாறினாலே வாடுபவர் விருந்தினர் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் கருத்து. விடியற்காலை முதல் அடுப்பின் முன் நின்று களைத்தவரின் முகம் எங்ஙனம் மலர்ந்திருக்கும்? உணவு எவ்வளவு சுவையாயினும், அக்களைப்பு விருந்தினருக்குத் தெரியாமற் போவதில்லை.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாவை நாம் அறிவோம். அடுப்பு வேலை தாழ்ந்தது என்று அப்பகுதிக்குப் பொருள் கொள்வோர் உளர். அது சரியன்று. மார்த்தா ஆக்கிய உணவை ஆண்டவர் மறுக்கவில்லை; பற்பல வேலைகளால் அவள் உள்ளம் அலைக்கழிவதையே எடுத்துரைத்தார். திருச்சபையும் அவளைப் புனிதையாகவே போற்றுகிறது. 2021ஆம் ஆண்டு முதல், ஜூலை 29ஆம் நாளில் மார்த்தா, மரியா, இலாசர் மூவரையும் ஒருங்கே நினைவுகூர்கிறோம். பணிவிடை புரிவதும் விருந்தினர் அருகில் அமர்வதும் ஒரே இல்லத்தில் இசைந்திருக்க இயலும். அதற்கு வேண்டுவது முன்னேற்பாடு.

ஆறாம் நாளின் பாடம்

இம்முன்னேற்பாடு புதியதன்று. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் ஆறாம் நாளில் இருமடங்கு மன்னாவைச் சேர்த்து, சுட வேண்டியதைச் சுட்டு, அவிக்க வேண்டியதை அவித்து ஓய்வுநாளுக்கென வைத்ததாக விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. ஓய்வுநாளுக்கு முந்திய தினத்தை நற்செய்தியாளர்கள் 'ஆயத்த நாள்' என்றே குறிக்கின்றனர். இன்றும் மரபு வழுவாத யூதக் குடும்பங்கள், வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன்பே இறைச்சியும் பருப்பு வகைகளும் கலந்த குழம்பை இளஞ்சூட்டில் ஏற்றிவிடுகின்றன. மறுநாள் நண்பகலில் எவரும் அடுப்பு மூட்டாமல் அனைவரும் சேர்ந்து உண்கின்றனர்.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. கோவா கத்தோலிக்கர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான சொர்ப்போத்தேல் எனும் பன்றி இறைச்சிக் கறியைச் சில நாள்களுக்கு முன்பே ஆக்கி, நாள்தோறும் சூடேற்றி வைப்பர். நாள் செல்லச் செல்ல அதன் சுவை கூடும் என்பர். போர்த்துக்கீசியர் இறைச்சியைத் திராட்சை இரசத்திலும் பூண்டிலும் ஊறவைத்த முறையிலிருந்தே விண்டாலு தோன்றியது. இங்கே திராட்சை இரசத்தின் இடத்தைக் காடி பிடித்துக்கொண்டது. முதல் நாள் புளிக் குழம்பு மறுநாள் கூடுதலாய்ச் சுவைப்பதை நம் பாட்டிமாரும் அறிந்திருந்தனர்.

பன்னிருவருக்கு ஒரு விருந்து

புளியும் காடியும் வெல்லமும் உணவைக் காப்பவை. தேங்காயும் சோறும் விரைவில் கெடுபவை. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் ஏற்பாடு எளிதாகும். மாலைத் திருப்பலிக்குப் பின் பன்னிருவர் உண்ணும் விருந்தை எடுத்துக்கொள்வோம்.

நான்கு நாள்களுக்கு முன்: முந்திரிக்கொத்தும் புளி இஞ்சியும் செய்து காற்றுப் புகாமல் மூடி வைக்கலாம். குமரி, நெல்லை மாவட்ட இல்லங்களில், வறுத்த பாசிப்பயற்று மாவை வெல்லப் பாகில் உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்து பல நாள் கெடாது.

முந்திய நாள்: 2 கிலோ ஆட்டிறைச்சியைத் தேங்காய் சேர்க்காமல் குழம்பாக்குக. ஒன்றரைக் கிலோ வஞ்சிரத்தையோ பாறையையோ தேங்காயின்றிப் புளிக் குழம்பாக்குக. பாயசத்துக்குரிய பருப்பை வேகவைத்து வெல்லத்துடன் கிளறி வைக்குக. பொரியலுக்கான காய்களையும் அன்றே நறுக்கிவிடலாம்.

விருந்து நாள்: பிற்பகலில் அப்பளம் பொரித்துத் தகரப் பெட்டியில் இறுக மூடுக. பொரியலைத் தாளித்து முடிக்குக. திருப்பலியிலிருந்து திரும்பியதும் ஒன்றரைக் கிலோ அரிசியை உலையிலிடுக. அது வேகும் நேரத்தில் குழம்புகளைக் கொதிக்க வைக்குக. இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பால் வேண்டுமாயின் இப்போது சேர்க்கலாம். பாயசத்தை நன்கு சுடவைத்து இறக்கியபின் முதற்பால் ஊற்றுக. முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும். வெங்காயத் தயிர்ப் பச்சடிக்கு உப்பைப் பரிமாறும் வேளையில் இடுக. முன்னரே இட்டால் நீர்த்துப்போகும்.

இங்ஙனம் செய்தால், விருந்தினர் வாயிலில் நிற்கும்போது அடுப்பில் இருப்பது சோறும் சுடவைப்பவையுமே. ஒரு மணி நேரத்துக்குள் இல்லத் தலைவியும் கைகழுவி வந்து கூடத்தில் அமரலாம்.

கவனிக்க வேண்டியவை

முன்கூட்டிச் சமைப்பதில் அசட்டை கூடாது. விருந்து நோய்க்கு வித்தாகிவிடலாகாது. சமைத்த இறைச்சியையும் மீனையும் அகன்ற பாத்திரங்களில் பகிர்ந்து, விரைந்து ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பெரிய அண்டாவில் அப்படியே விட்டால் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். நோய்க் கிருமிகள் பெருகுவது அச்சூட்டில்தான். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, உள்ளும் புறமும் கொதிக்கும்வரை சூடேற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத இல்லத்தார் இறைச்சியையும் மீனையும் விருந்து நாளிலேயே சமைப்பது நலம். மசாலா அரைத்தல் முதலிய வேலைகளை மட்டும் முதல் நாளில் முடிக்கலாம்.

சோற்றை மட்டும் அன்றன்றே வடிக்க வேண்டும். அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடேற்றினாலும் நீங்குவதில்லை. புளியும் காடியும் சேர்ந்த உணவை அலுமினியத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைத்தலும் ஆகாது; மண்சட்டியும் எவர்சில்வரும் ஏற்றவை.

ஒருவர் சுமை, அனைவர் சுமை

முந்திய நாளுக்கு வேலையை மாற்றிவிட்டு, அம்முழு நாளையும் ஒருவர் தலையிலேயே ஏற்றினால் பயன் என்ன? குடும்பத் தலைவர் சந்தைக்குச் சென்று மீன் வாங்கி வரட்டும். மகன் தேங்காய் துருவினால் அவன் மதிப்புக் குன்றாது. மகள் காய் நறுக்கும்போது தம்பி பாத்திரம் துலக்கட்டும். பரிமாறும் பொறுப்பை ஆண்கள் ஏற்கட்டும். உணவு வகைகளைக் குறைக்கவும் அஞ்ச வேண்டாம். கடன் பட்டுப் பதினைந்து வகை பரிமாறுவதைவிட, அன்புடன் அமர்ந்து ஐந்து வகை உண்பது மேலானது.

உயிர்த்த ஆண்டவர் ஒரு விடியற்காலையில் தம் சீடருக்கு அளித்த விருந்தை யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்கள் கரையேறியபோது, கரியடுப்பு மூட்டப்பட்டிருந்தது, அதன்மீது மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. அவர் அவர்களை உண்ண அழைத்து, தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அந்த உணவு எளியது. அவர்கள் வருமுன்பே ஆயத்தமாயிருந்தது. வரும் திருவிழாவில் நம் இல்ல விருந்தும் அவ்வாறே அமையட்டும். அன்று தாய்மாரும் முதற்பந்தியிலேயே அமரட்டும்.