காற்றுக் காலமும் கைத்தொலைபேசியும்

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் எம்மில் பலர். இன்று செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. தொலைபேசியில் மின் தீர்ந்தால் உறவினரையோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையோ அழைக்க வழியில்லை.

எனவே எச்சரிக்கை கேட்டவுடனேயே முழுமையாக மின்னேற்றிவிடுங்கள். மின்சாரம் நின்றபின் சிக்கனம் வேண்டும். அலை குறைந்த இடத்தில் தொலைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்னை இழக்கும். ஆகவே நிறுத்தி வையுங்கள். காலையும் மாலையும் குறித்த நேரத்தில் மட்டும் திறவுங்கள். அந்நேரத்தை உறவினருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உழவு இயந்திரத்தின் 12 வோல்ட் பற்றறியிலும் மின்னேற்றலாம். ஆனால் வயரை நேரே பொருத்தக் கூடாது. வாகனங்களுக்கென விற்கும் 5 வோல்ட் சார்ஜர் வேண்டும். முகாம் முழுவதும் ஒரே பற்றறியை உறிஞ்சினால் பிறகு இயந்திரம் கிளம்பாது. நனைந்த தொலைபேசியை நன்கு உலரும்வரை மின்னேற்ற வேண்டாம்.

எச்சரிக்கை தவறாதிருக்க, குடிசை வரிசைக்கு ஒரு தொலைபேசி முறைவைத்துத் திறந்திருக்கட்டும். ஒன்று விழித்திருந்தால் மற்றவை உறங்கலாம்.