சோம் நதிக்கரையில் ஐந்து நாட்கள்

பிரான்ஸ் நாட்டின் வடபகுதியில் ஓடும் சோம் நதி, நம்மூர்க் காவிரியையோ கோதாவரியையோ கண்டு பழகியவர்களுக்கு ஒரு பெரிய வாய்க்காலாகவே தோன்றும். அதன் நீளம் சுமார் 245 கிலோமீட்டர் மட்டுமே. எனினும் 1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி நவம்பர் 18 வரை இந்நதிப் பள்ளத்தாக்கிலும் அதன் வடக்கு, தெற்கு மேட்டு நிலங்களிலும் நடந்த போரில், இரு தரப்பிலும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றனர் அல்லது காணாமற்போயினர். முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் உயிரிழந்தனர். அந்தப் பள்ளத்தாக்கின் வழியே இன்று ஒரு மிதிவண்டிப் பாதை செல்கிறது. கார்களும் பேருந்துகளும் அதில் வருவதில்லை.

சென்ற செப்டம்பர் மாதத்தில் நாங்கள் மூவர் அப்பாதையில் பயணம் செய்தோம். இருவர் பணியில் இருப்பவர்கள். மூன்றாமவர் ஓய்வுபெற்ற கிளை மேலாளர், செகந்திராபாத்தைச் சேர்ந்தவர், அறுபத்து நான்கு வயதினர். பயணத் திட்டமே அவருடையதுதான். அவருடைய பாட்டனார் இருபதாம் தக்காணக் குதிரைப் படையில் வீரராக இருந்து, பிரான்ஸ் சென்று, உயிருடன் திரும்பியவர்.

சோம் நதியை ஒட்டி 156 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் அமைந்துள்ளது. சில இடங்களில் நதியே கால்வாயாக்கப்பட்டிருக்கிறது. முற்காலத்தில் சரக்குப் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிற்றால் இழுத்துச் சென்றன. அக்குதிரைகள் நடந்த கரைப்பாதையே இன்று செப்பனிடப்பட்டு மிதிவண்டிகளுக்கும் நடப்போருக்கும் விடப்பட்டிருக்கிறது. படகுகளுக்கான பாதையாதலால் ஏற்றமே கிடையாது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள் வரும் இடங்களில் மட்டும் ஓர் ஆள் உயரம் ஏறவோ இறங்கவோ நேரும். முழங்கால் வலி உள்ளவர்களும் துணிந்து செல்லலாம் என்பதற்கு எங்கள் மேலாளரே சான்று.

பெரோன் என்னும் சிற்றூரில் தொடங்கினோம். அங்குள்ள இடைக்காலக் கோட்டையில் 1992 முதல் முதல் உலகப்போர் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. மற்ற போர் அருங்காட்சியகங்களில் சீருடைகளைப் பொம்மைகளுக்கு அணிவித்து நிறுத்தியிருப்பார்கள். இங்கோ தரையில் ஆழமற்ற குழிகள் அமைத்து, அவற்றில் சீருடையையும் உடைமைகளையும் படுக்க வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் குனிந்துதான் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம், அது போதவில்லை.

அன்று மாலை சுமார் இருபது கிலோமீட்டர் சென்று, காப்பி என்ற ஊரில் தங்கினோம். ஆம், ஊரின் பெயரே அதுதான். மறுநாள் திங்கட்கிழமை; கடைகள் அடைத்திருந்தமையால் காப்பியில் காப்பி கிடைக்கவில்லை. இப்பகுதியின் சிற்றூர்களில் திங்களன்று உணவு கிடைப்பது அரிது என்பதை முன்னரே அறிந்து செல்வது நலம்.

அந்தத் திங்கட்கிழமைதான் நதியை விட்டு வடக்கே திரும்பினோம். மரிகூர், மோன்தொபான், லோங்வால் ஆகிய ஊர்களின் வழியே சுமார் பதினைந்து கிலோமீட்டர். இது பொதுச் சாலை, ஏற்றமும் உண்டு. ஆனால் வாகனங்கள் மிகக் குறைவு. சாலையோரத்தில் ஓரிடத்தில் துருப்பிடித்த பீரங்கிக் குண்டு ஒன்று கிடந்தது. உழும்போது இன்றளவும் இத்தகைய குண்டுகள் கிடைப்பதும், உழவர்கள் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு அகற்றும் பிரிவினருக்குத் தகவல் தருவதும் இங்கே வழக்கம். அவற்றை எக்காரணம் கொண்டும் தொடலாகாது.

லோங்வாலைத் தாண்டியதும் இடப்புறம் தெரிந்த காட்டை பிரிட்டிஷ் படையினர் ஹை வுட் என்று அழைத்தனர். 1916 ஜூலை 14 மாலையில், செகந்திராபாத் குதிரைப் படைப் பிரிவைச் சேர்ந்த இருபதாம் தக்காணக் குதிரைப் படையும், ஏழாம் டிரகூன் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படையும் ஈட்டிகளை ஏந்தி இக்காட்டை அடுத்த வயல்களில் பாய்ந்தன. தக்காண முஸ்லிம்களும் சீக்கியரும் ஜாட்டுகளும் அதில் இருந்தனர். இயந்திரத் துப்பாக்கிகளின் காலத்தில் ஈட்டியுடன் குதிரை மீது சென்றவர்கள் அவர்கள். இரவு முழுதும் அங்கே நின்று, மறுநாள் விடியலில் திரும்ப அழைக்கப்பட்டனர். காடு பிரிட்டிஷார் வசமாகச் செப்டம்பர் 15 ஆயிற்று.

மேலாளரின் பாட்டனார் போரைப் பற்றிப் பேசாதவர். பேரனிடம் ஒரே ஒரு செய்தியை மட்டும் பலமுறை கூறியிருக்கிறார்: குதிரையின் மார்பளவு கோதுமைப் பயிருக்குள் ஓடினோம், பயிர் வீணாயிற்று என்று. சிறுவனாயிருந்த எங்கள் மேலாளர் அதை நம்பவில்லை. படங்களில் கண்ட சோம் போர்க்களம் சேறும் பள்ளமும் கரிந்த மரக்கட்டைகளுமாக இருந்தது. அங்கே பயிர் எப்படி விளையும் என்று எதிர்க்கேள்வியும் கேட்டிருக்கிறார். முதியவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாராம்.

ஆனால் முதியவர் சொன்னதே உண்மை. ஜூலை 14 வரை இந்த மேடு ஜெர்மானியரின் முன்வரிசைக்குப் பின்னால் இருந்தது. குண்டுகள் இன்னும் இதை உழுதிருக்கவில்லை. அறுவடைக்கு நின்ற பயிருக்குள் ஜெர்மானிய வீரர்கள் பதுங்கியிருந்ததையும், குதிரைகள் அப்பயிருக்குள் பாய்ந்ததையும் போர் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அடுத்த இரண்டு மாதங்களில்தான் நாம் படங்களில் காணும் சேற்றுக்காடாக அது மாறியது.

அந்தப் படையில் அவர் இருந்தார் என்பதற்குக் குடும்பத்தில் எழுத்துச் சான்று எதுவும் இன்று இல்லை. போருக்குப் பின் வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கம் ஒன்று இருந்தது. மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக அது ஒரு வட்டிக்கடையில் அடகு வைக்கப்பட்டு, மீட்கப்படாமலே போயிற்று. அப்பதக்கத்தின் விளிம்பில்தான் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். எண் இல்லாமல், ஒரே பெயருடைய பலரில் இவரை இனங்காண இயலவில்லை. போரில் இறந்திருந்தால் ஏதேனும் ஒரு கல்லில் பெயர் இருந்திருக்கும். உயிருடன் திரும்பியவர்களுக்கு அதுவும் இல்லை. நகைக்கடன் பிரிவில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய எங்களுக்கு, மீட்கப்படாத பொருள் என்பது பதிவேட்டில் ஒரு வரி. அன்று அந்த வரியை வேறுவிதமாக நினைத்துப் பார்த்தோம்.

நாங்கள் சென்றபோது கோதுமை அறுவடை முடிந்திருந்தது. ஒருபுறம் அறுத்த தாள், மறுபுறம் சர்க்கரைக் கிழங்கு. காடு தனியாருடையது, உள்ளே செல்ல அனுமதியில்லை. மேலாளர் வயலோரமாக நடந்து, காட்டின் மூலையிலிருந்து சாலைவரை அடிகளை எண்ணினார். “இந்தச் சரிவில் குதிரைக்கு மூச்சு வாங்கியிருக்கும், தம்பி” என்றார். வேறெதுவும் கூறவில்லை. அரை மணி நேரம் கழித்துப் புறப்பட்டோம்.

மேற்கே தியெப்வாலில் நிற்கும் நினைவு வளைவையும் அன்றே கண்டோம். உடல் கிடைக்காத 72,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. வடிவமைத்தவர் புதுடெல்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே லட்யன்ஸ். இந்தியா கேட் 1931-இலும் இது 1932-இலும் திறக்கப்பட்டன. மேற்குப் போர்முனையில் மறைந்து, கல்லறை அறியப்படாத இந்தியர்களின் பெயர்கள் இங்கே இல்லை. அவை இன்னும் வடக்கே நவ் ஷப்பேல் என்ற ஊரில் உள்ளன.

மீண்டும் நதிக்கரை. காப்பிக்கு அருகே ஃப்ருவாசியில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. பீரங்கிகளுக்குக் குண்டு கொண்டுசெல்ல 1916-இல் போடப்பட்ட 60 சென்டிமீட்டர் அகலப் பாதை அது. நம் டார்ஜிலிங் ரயிலின் அகலத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது. போருக்குப் பின் நெடுங்காலம் சர்க்கரை ஆலைக்குப் பயன்பட்டது. கோர்பி ஊருக்கு முன்னால், ‘சிவப்புப் பிரபு’ எனப்பட்ட ஜெர்மானிய விமானி ரிஷ்தோஃபன் 1918 ஏப்ரல் 21-இல் விழுந்த இடம் உள்ளது. இறக்கும்போது அவருக்கு வயது 25.

அமியான் நகரில் ஒரு நாள் ஓய்வெடுப்பது உசிதம். 1220-இல் கட்டத் தொடங்கிய அதன் பேராலயத்தைப் போர்க்காலத்தில் மணல் மூட்டைகளால் மூடிக் காத்தனர். நகரை ஒட்டி நீர்வழிகளுக்கிடையே 300 ஹெக்டேர் காய்கறித் தோட்டங்கள் உள்ளன. படகில் சுற்றிக் காட்டுகிறார்கள். அதற்கப்பால் அப்வில் வரை சுமார் ஐம்பது கிலோமீட்டர், மரநிழலும் ஏரிகளும் மீன்பிடிப்போருமாக, எங்கள் பயணத்தின் மிக இனிய பகுதி. அப்வில் நகரம் 1940 மே மாதத்தில் இரண்டாவது போரையும் கண்டது.

இனி, பணம் பற்றிச் சில சொற்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். புறப்படும் முன் உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே இயக்கிக்கொள்ள வேண்டும். கடையிலோ ஏடிஎம்மிலோ ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதம் பெரும்பாலும் பாதகமாகவே அமையும். ஈபெல் கோபுரத்தில் 2024 முதல் யுபிஐ உண்டு. இச்சிற்றூர்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம், சில்லறை யூரோ வைத்திருங்கள். மிதிவண்டியை வாடகைக்குத் தருவோர் முன்பணத்துக்காகக் கடன் அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். எங்களுக்கு வண்டி தந்த கடை, வண்டியைத் திருப்பிக் கொடுத்து மூன்று வாரமாகியும் அதை விடுவிக்கவில்லை. ஒப்படைத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்கியிருந்தமையால் பிழைத்தோம். வங்கிக்காரர்களுக்கே இந்த நிலை.

ஐந்தாம் நாள், அப்வில்லிலிருந்து நேர்கோடாகச் செல்லும் கால்வாயை ஒட்டிச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் சென்று, சேன்-வலெரி துறைமுகத்தை அடைந்தோம். 1066-இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை வெல்லக் கப்பலேறிய இடம் அதுவே. நதி அங்கே கடலில் கலக்கிறது. ஓதம் வற்றியிருந்தது, உவர்ச் சதுப்பில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மேலாளர் கரைச்சுவரில் அமர்ந்து, செகந்திராபாத்தில் உள்ள தம் பேத்திக்குத் தொலைபேசியில் பேசினார். கோதுமைப் பயிர் கதை உண்மைதான் என்று தக்கனி உருதுவில் அவர் சொல்வது எங்களுக்கும் கேட்டது.